டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்: கரிசல்காட்டு உழவர்கள் கவனிக்க வேண்டியவை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் தை பிறந்துவிட்டால் வண்டிப்பாதைகளில் டிராக்டர் சத்தம் ஓய்வதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் முதலில் களத்துக்கு வரும். அடுத்து மக்காச்சோளம், கம்பு, கொத்தமல்லி, மிளகாய், பருத்தி என்று பங்குனி வரை பாரம் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே இருக்கும். மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை, அடுப்புக்குப் பருத்தி மார், கரிமூட்டம் போடச் சீமைக்கருவேல விறகு ஆகியவையும் டிரெய்லரில்தான் போய்ச் சேர வேண்டும். ஆண்டின் பிற மாதங்களில் உழவுக்கும் விதைப்புக்கும் பயன்படும் டிராக்டர், இந்த மூன்று மாதங்களில் பார வண்டியாக மாறிவிடுகிறது.

மாற்றம் இங்கேதான் கவனிக்கத்தக்கது. டிராக்டர் டிரைவர்களில் பலர் வயலில் உழுது பழகியவர்கள். கலப்பையை இழுப்பது போலத்தான் டிரெய்லரை இழுப்பதும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மண்ணில் இறங்கிய கலப்பை டிராக்டரைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். கிளட்சை மிதித்த மாத்திரத்தில் டிராக்டர் நின்றுவிடும். டிரெய்லரோ, டிராக்டரை நிறுத்த முயலும்போது பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளும். கலப்பை தானே ஒரு பிரேக். டிரெய்லர் பிரேக்குக்கு எதிரி. இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால், இக்கட்டுரையில் கூறப்படும் மற்ற யோசனைகளின் காரணம் எளிதில் விளங்கும்.

பின்னால் தள்ளும் பாரம்

டிராக்டரில் பொதுவாகப் பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே பிரேக் உண்டு. கிராமப்புறங்களில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஆகவே டிராக்டர், டிரெய்லர், பாரம் ஆகிய மூன்றையும் நிறுத்தும் பொறுப்பு அந்த இரண்டு பின் சக்கரங்களையே சாரும்.

ஒரு தோராயக் கணக்கைப் பார்ப்போம். டிராக்டரின் எடை 2 டன் என்று கொள்வோம். 1.5 டன் எடையுள்ள டிரெய்லரில் குவிண்டால் மூட்டைகள் 35 ஏற்றினால் டிரெய்லரின் மொத்த எடை 5 டன். இரண்டும் சேர்ந்து 7 டன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் ஒரு நொடியில் 7 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஓர் ஆடு ஓடி வருகிறது. அதைக் கண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும். அதற்குள் 7 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் தனி டிராக்டர் ஏறத்தாழ 6 மீட்டரில் நின்றுவிடுவதாகக் கொண்டால், அதே பிரேக் பிடிமானத்தில் மூன்றரை மடங்கு எடையை நிறுத்த 21 மீட்டர் தேவைப்படும். தனி டிராக்டருக்கு மொத்தம் 13 மீட்டர். பாரத்துடன் 28 மீட்டர்.

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மேற்கண்ட பாரத்தையே மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து வந்தால் நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும். பாரம் ஏற்றிய டிரெய்லரை நல்ல தார்ச்சாலையிலும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்படாமல் ஓட்டுவது நலம். வண்டிப்பாதையில் அதில் பாதியே போதும்.

இறக்கத்தில் தள்ளும் விசை மேலும் அதிகரிக்கும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போதும், ஓடைக்குள் இறங்கும்போதும், பாலத்திலிருந்து இறங்கும்போதும் டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. எந்தக் கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் என்ஜினின் பிடி விட்டுப்போகும், மீண்டும் கியர் விழாமலும் போகலாம். திடீரென்று பிரேக்கை அழுத்தி மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் தள்ளும். இரண்டும் கத்தரிபோல் மடங்கி, டிராக்டர் பக்கவாட்டில் உருளும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து, சிறுகச் சிறுக வேகத்தைக் குறைப்பதே முறையாகும்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்றும் வலது சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் இருப்பதை எல்லோரும் அறிவர். வயலின் மூலையில் சட்டென்று திருப்புவதற்காக அமைந்த வசதி இது. சாலைக்கு வருமுன் இரண்டு மிதிகளையும் இணைக்கும் தாழைக் கட்டாயம் போட வேண்டும். தாழ் இல்லாமல் அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் நின்று மற்றது ஓடும். பாரத்துடன் இருக்கும் டிராக்டர் அப்படியே சுழன்றுவிடும். தாழ் போட்டபின்னும் டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்தால் இரண்டு பிரேக்குகளும் சமமாகப் பிடிக்கவில்லை என்று பொருள். மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்தபின்பே பாரம் ஏற்ற வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது டிராக்டரின் கொக்கி இருக்கிறது.

பாரம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால், கொக்கி மேல்நோக்கித் தூக்கப்பட்டு டிராக்டரின் பின் சக்கரங்கள் மண்ணில் பதியாமல் இலேசாகிவிடும். இழுவையும் குறையும், பிரேக் பிடிமானமும் குறையும். பாரம் அளவுக்கு மீறி முன்னால் குவிந்தால், கொக்கி கீழே அழுந்தி டிராக்டரின் முன் சக்கரங்கள் தூக்கும். முன் சக்கரம் தரையில் பதியாதபோது ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. ஆகவே பாரத்தை அச்சின் மேல் சமமாகப் பரப்பி, முன்பக்கம் சற்றே கூடுதலாக இருக்குமாறு அடுக்க வேண்டும். இறக்கும்போதும் இது பொருந்தும். முன் மூட்டைகளை எல்லாம் முதலில் இறக்கிவிட்டுப் பின் மூட்டைகளை விட்டுவைத்தால், கொக்கி கழன்றிருக்கும் டிரெய்லர் பின்பக்கம் குடைசாயும். அப்போது பின்னால் நிற்பவர் கதி என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கர டிரெய்லரில் கொக்கியின் மீது பாரம் அழுந்துவதில்லை. ஆனால் டிராக்டரின் பின் சக்கரங்களுக்குக் கூடுதல் எடையும் கிடைப்பதில்லை. ஈரமான பாதையில் சக்கரம் வழுக்குவது இதில் அதிகம். பாரத்தை இரண்டு அச்சுகளுக்கும் பகிர்ந்து அடுக்குவதும், வேகத்தை மேலும் குறைப்பதும் அவசியம்.

ஒரு பின்னில் தொங்கும் உயிர்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பின் அத்தகைய அச்சாணியாகும். கம்பியையோ, முறிந்த போல்ட்டையோ, கிடைத்த இரும்புத் துண்டையோ பின்னாகச் செருகிக்கொண்டு செல்வதை எந்த ஊரிலும் காணலாம். குலுங்கும் பாதையில் அது மேலே துள்ளிக் கழன்றுவிடும். அல்லது தேய்ந்து முறியும். கழன்ற டிரெய்லர் தன்போக்கில் ஓடி எதிரே வருவோர் மீது மோதும்.

இணைப்புத் துளைக்குப் பொருத்தமான கனமுள்ள எஃகுப் பின்னையே பயன்படுத்த வேண்டும். பின்னின் அடியில் பூட்டுக் கிளிப் கட்டாயம் இருக்க வேண்டும். தேய்ந்து இளைத்த பின்னைத் தயங்காமல் மாற்ற வேண்டும். இவற்றுடன் டிரெய்லரின் ஏர்க்காலையும் டிராக்டரையும் உறுதியான சங்கிலி ஒன்றால் பிணைத்து வைப்பது நல்ல காப்பு. பின் போனாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

டிரெய்லரை மாட்ட வேண்டிய இடம், டிராக்டர் தயாரித்தவர்கள் அதற்கென அமைத்துள்ள இழுவைக் கொக்கி மட்டுமே. உயரமாக இருந்தால் வசதி என்று கலப்பை மாட்டும் மேல் இணைப்பிலோ, பின் அச்சுக்கு மேலுள்ள வேறு இடத்திலோ சங்கிலியைக் கட்டி இழுக்கக் கூடாது. இழுக்கும் புள்ளி பின் அச்சின் மட்டத்துக்கு மேலே போனால், டிராக்டரின் மூக்கு மேலெழும்பிப் பின்பக்கமாக டிரைவர் மீதே கவிழும். இது ஒன்றிரண்டு நொடிகளில் நடந்து முடிந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது.

இணைக்கும்போது நேரும் விபத்துகளும் உண்டு. டிரைவர் பின்னோக்கி வர, உதவியாள் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே நின்று ஏர்க்காலைத் தூக்கிப் பிடிப்பது வழக்கம். கிளட்ச் சற்று வழுக்கினால் அவர் நசுங்கிப்போவார். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அணை கொடுத்து, ஏர்க்காலைத் தாங்குகாலில் நிறுத்திவைத்து, டிராக்டர் பின்னோக்கி வந்து நின்று, கியரை விடுவித்துக் கைபிரேக்கைப் போட்டபின்பே ஆள் உள்ளே நுழைந்து பின்னைச் செருக வேண்டும்.

உயரம் கூடினால் உறுதி குறையும்

தட்டையும் பருத்தி மாரும் எடை குறைந்தவை. ஆனால் இடத்தை அடைப்பவை. ஆகவே டிரெய்லரின் பக்கப் பலகைகளுக்கு மேல் வைக்கோற்போர் போல அடுக்கிக் கட்டிவிடுகிறார்கள். எடை குறைவுதானே என்று எண்ணுவது தவறு. வண்டி கவிழ்வதை நிர்ணயிப்பது எடை மட்டுமன்று. பாரத்தின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் இருக்கின்றன என்பதாகும்.

டிரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலமும், பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரமும் இருப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு முடுக்கு வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் கணக்குப்படி கவிழாது. அதே வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் கவிழ்ந்துவிடும். நடுப்புள்ளி 2 மீட்டர் உயரத்துக்குப் போனால் 20 கிலோமீட்டர் வேகமே கவிழும் நிலைக்கு அருகில் கொண்டுபோய்விடும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ, கட்டிய கயிறு தளர்ந்து பாரம் ஒரு பக்கம் சரிந்தாலோ அந்தச் சிறு இடைவெளியும் போய்விடும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிப்பதைவிட, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

டிரெய்லர் வளைவில் டிராக்டரின் தடத்திலேயே வருவதில்லை. உட்புறம் வெட்டிக்கொண்டு வரும். தெருமுனையில் திண்ணை, மின்கம்பம், நின்றுகொண்டிருக்கும் குழந்தை ஆகியவற்றை டிராக்டர் தாண்டிவிட்டாலும் டிரெய்லர் தாண்டிவிட்டதாகக் கொள்ள முடியாது. உயரமான பாரத்துடன் செல்லும்போது தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளையும் கவனிக்க வேண்டும். ஹைட்ராலிக் டிப்பர் உள்ள டிரெய்லரை மின்கம்பிக்கு அடியிலோ சாய்வான தரையிலோ தூக்கக் கூடாது. தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது.

மேல் காய்ந்தாலும் உள்ளே சகதி

கரிசல் மண்ணில் களிப்பகுதி மிகுதி. அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களித்தாது நீரை உறிஞ்சி உப்பும். காயும்போது சுருங்கி வெடிக்கும். மானாவாரிப் பயிருக்கு ஈரத்தைக் காத்துக் கொடுக்கும் இந்தக் குணமே வண்டிக்குப் பகையாகிறது. தை மாதத்தில் மேல்மண் காய்ந்து பாதை உறுதியாகத் தோன்றும். ஒரு சாண் கீழே ஈரம் இருக்கும். நடக்கும் மனிதனையும் தனி டிராக்டரையும் தாங்கும் அந்தப் பாதை, 5 டன் டிரெய்லரின் சக்கரத்துக்கு இடம் கொடுத்துவிடும். குறிப்பாகப் பாதையின் ஓரம் நடுப்பகுதியைவிட எப்போதும் இளகியிருக்கும். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும்போது டிரெய்லரின் ஒரு சக்கரம் புதைந்து பாரம் சாய்வது இதனால்தான்.

பாரத்தை ஏற்றுமுன் டிரைவர் ஒருமுறை பாதையில் நடந்து பார்த்துவர வேண்டும். கம்பியையோ கூரான குச்சியையோ குத்திப் பார்த்தால் உள்ளீரம் தெரியும். ஐயமிருந்தால் பாரத்தைப் பாதியாக்கி இரண்டு நடையாக எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய மழைக்குப்பின் பழகிய பாதையும் பழைய பாதையாக இருப்பதில்லை. ஓடைக்கரை அரிந்திருக்கும், தரைப்பாலத்தின் அடிமண் போயிருக்கும், மேலே கான்கிரீட் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். வைப்பாற்றிலோ ஓடைகளிலோ தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது டிரெய்லருடன் கடக்கத் துணியக் கூடாது. தண்ணீரைக் கடந்து வந்தபின் பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக மிதித்து, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

தோட்டக் கிணறுகள் மற்றோர் அபாயம். கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் பல வண்டிப்பாதையை ஒட்டியே உள்ளன. வாய்ப்பகுதி மண் ஈரத்தில் இளகியும் கோடையில் வெடித்தும் வலுவிழந்திருக்கும். சீமைக்கருவேலம் மூடிக்கொண்டால் கிணறு இருப்பதே தெரியாது. கிணற்று வாயிலிருந்து பல மீட்டர் தள்ளியே டிரெய்லர் தடம் அமைய வேண்டும். புதிய டிரைவரை அமர்த்தினால் முதல் நாளே கிணறுகளைக் காட்டிக் கொடுக்க வேண்டியது நிலச் சொந்தக்காரரின் கடமை. ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய நான்கு கற்களை நட்டுவைக்க ஆகும் செலவு மிகக் குறைவு.

சக்கரம் புதைந்துவிட்டால்

புதைந்த டிராக்டரை மீட்க முயலும்போதுதான் பெரும் விபத்துகள் நேர்கின்றன. பின் சக்கரங்கள் சகதியில் இறுகிச் சுழல முடியாதபோது, டிரைவர் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் கிளட்சைச் சட்டென்று விட்டால், சக்கரத்தைச் சுழற்ற முடியாத என்ஜின் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றிச் சுழற்றும். முன்பக்கம் எழும்பிப் பின்புறமாகக் கவிழும். சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைக் கட்டிவைத்து ஏற முயல்வதும் இதே விளைவைத் தரும்.

முதலில் டிரெய்லர் சக்கரங்களுக்கு அணை கொடுத்துக் கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். பின்னர் சக்கரங்களின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி எடுத்து, இயன்றவரை பின்னோக்கியே டிராக்டரை எடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வேறொரு டிராக்டரைக் கொண்டு, நீளமான சங்கிலியால் மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது சங்கிலி அறுந்து தெறித்தால் ஆளை வெட்டிவிடும். வேடிக்கை பார்ப்பவர்களைச் சங்கிலியின் நீளத்துக்கும் மேலான தூரத்தில் நிறுத்த வேண்டும்.

நாற்கரச் சாலையில்

மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை இப்போது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதில் கார்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அந்தக் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது; 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறது. இருட்டில் 60 மீட்டர் தொலைவில்தான் டிரெய்லர் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், கார் டிரைவருக்குக் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவே.

ஆகவே டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும். பின்னாலும் பக்கங்களிலும் ஒளி திருப்பும் பட்டைகள் ஒட்ட வேண்டும். தட்டையும் மாரும் தொங்கி அவற்றை மறைக்காதபடி பாரத்தைக் கட்ட வேண்டும். இரவு உழவுக்காக டிராக்டரின் பின்புறம் உள்ள வெள்ளை விளக்கைச் சாலையில் எரியவிடக் கூடாது. பின்னால் வருபவர் அதை எதிரே வரும் வண்டி என்று எண்ணித் தடுமாறுவார். சுற்றிப்போகச் சோம்பி எதிர்த்திசையில் செல்வதும், நடுத்திட்டு இடைவெளியில் அவசரமாகக் குறுக்கே கடப்பதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். தனி டிராக்டர் கடந்துவிடக்கூடிய இடைவெளியில், பின்னால் நீண்டு கிடக்கும் டிரெய்லர் கடந்து முடிக்காது. பழுதாகி நிற்க நேர்ந்தால் சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்த வேண்டும். வயலிலிருந்து சக்கரத்தில் ஒட்டிவரும் கரிசல் மண்ணைச் சாலையில் ஏறுமுன் வழித்தெறிய வேண்டும். தார்ச்சாலையில் உதிர்ந்த அந்த மண் நனைந்தால் இருசக்கர வண்டிக்காரர்களுக்கு எண்ணெய் போல் வழுக்கும்.

பாரத்தின் மேல் ஆள் கூடாது

பருத்தி எடுக்கவும் மிளகாய்ப்பழம் பறிக்கவும் களை வெட்டவும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வதும், மாலையில் மூட்டைகளின் மேல் உட்கார வைத்துத் திரும்புவதும் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. மட்கார்டில் இருவர், ஏர்க்காலில் ஒருவர், பாரத்தின் மேல் பத்துப்பேர் என்று செல்லும் வண்டிகளும் உண்டு. கோவில் கொடைக்கும் கலியாணத்துக்கும் ஊரே ஏறிச் செல்வதும் உண்டு. இவ்வழக்கம் எத்தகைய முடிவைத் தரும் என்பதற்கு நாட்டின் பல பகுதிகளில் நடந்தவை சான்று.

2018 ஜூன் மாதம் தெலங்கானாவின் யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தில் வயல் வேலைக்குச் சென்றவர்களை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் மூசி கால்வாயில் கவிழ்ந்து 15 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்கள். 2022 அக்டோபர் முதல் தேதி உத்தரப்பிரதேசத்தின் கான்பூர் அருகிலும், 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்திலும் வழிபாட்டுப் பயணம் சென்றோரின் டிரெய்லர்கள் குளத்தில் கவிழ்ந்து ஒவ்வொன்றிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் நாந்தேடு மாவட்டத்தில் வேலைக்குச் சென்ற பெண்களுடன் டிராக்டர் கிணற்றுக்குள் விழுந்து 7 பெண்கள் உயிரிழந்தனர். கால்வாய், குளம், கிணறு என்று இடம் மாறினாலும் காரணம் மாறவில்லை. பாரம் ஏற்றுவதற்கென்று அமைந்த பெட்டியில் பிடித்துக்கொள்ளப் பிடியில்லை, இருக்கையில்லை. கவிழும்போது பெட்டியே மூடியாகி அடியில் இருப்பவர்களை அமுக்கிவிடுகிறது.

விபத்துக்குப்பின் வரும் துன்பத்தையும் எண்ண வேண்டும். பயிர்த்தொழிலுக்கென்று இன்ஷூரன்ஸ் செய்த டிராக்டரின் பாலிசி, டிரெய்லரில் ஏறிச் சென்றவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. காய்கறியுடன் டிராக்டர் டிரெய்லரில் சென்று இறந்தவர் பற்றிய வழக்கில் 2004-லும், செங்கல் சூளைக்கு மண் எடுக்க டிரெய்லரில் சென்று விழுந்த தொழிலாளி பற்றிய வழக்கில் 2007-லும், இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்றே உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாவது வழக்கில் தொழிலாளியின் நிலையைக் கருதி, நிறுவனம் முதலில் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. அதாவது, ஒரு குடும்பம் ஆளை இழக்கும். மற்றொரு குடும்பம் நிலத்தை விற்க நேரும்.

வேலையாட்களை வேனிலோ ஆட்டோவிலோ அளவோடு ஏற்றி அழைத்துச் செல்ல ஆகும் செலவைக் கூலிச் செலவில் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரே வேனை அமர்த்தினால் செலவு பங்காகும். டிராக்டரில் டிரைவரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டும் பிரியமும் இதில் அடங்கும்.

நடைக் கூலியும் அவசரமும்

சிறு விவசாயிகளில் பலர் வாடகை டிராக்டரையே நம்பியுள்ளனர். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, இரண்டு நடைப் பாரத்தை ஒரே நடையில் அடைக்கச் சொந்தக்காரரும், விரைந்து அடுத்த புஞ்சைக்குப் போக டிரைவரும் விரும்புவது இயல்பே. ஆபத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஒரு நடை மிச்சமானால் கிடைப்பது சில நூறு ரூபாய். முறிந்த அச்சு, வெடித்த டயர், சிந்திய தானியம் இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் அது போய்விடும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அளவுக்கு மீறிய பாரத்துக்கு ரூ.20,000-மும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்துக்கும் அபராதம் உண்டு. மணிக் கணக்கிலோ நாள் கணக்கிலோ கூலி பேசிக்கொண்டால் அவசரம் தானே குறையும்.

சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் டிரைவரைக் காக்கும் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. புதிய டிராக்டர் வாங்குவோர் இந்தச் சட்டம் பொருத்தியதைக் கேட்டு வாங்கலாம். அது இருக்கும் டிராக்டரில் இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். இல்லாத டிராக்டரில் பட்டை கட்டக் கூடாது.

புறப்படுமுன் ஐந்து நிமிடம்

1. பிரேக் மிதிகளின் தாழ் போட்டாயிற்றா?
2. கொக்கிப் பின்னும் கிளிப்பும் சங்கிலியும் சரியாக உள்ளனவா?
3. டிராக்டர், டிரெய்லர் டயர்களில் காற்று போதுமா? உழவுக்காகக் குறைத்த காற்று சாலைப் பாரத்துக்குப் போதாது. கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்ற வேண்டும்.
4. டிரெய்லர் சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா?
5. பாரம் சமமாக அடுக்கிக் கயிறு இறுக்கப்பட்டுள்ளதா? ஒரு கிலோமீட்டர் சென்றபின் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும்.
6. பின்விளக்கு எரிகிறதா? ஒளிப்பட்டை மண் மூடாமல் இருக்கிறதா?
7. டிரைவருக்கு உரிய உரிமம் இருக்கிறதா? அவர் மது அருந்தியவரல்லவே?
8. பாரத்தின் மேலும் மட்கார்டிலும் யாரும் இல்லையே?

இவற்றுடன் ஒவ்வொரு டிரைவரும் அறுவடைக்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. ஆள் நடமாட்டமில்லாத சமதளப் பாதையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, முதலில் தனி டிராக்டரை மெதுவான வேகத்தில் ஓட்டிவந்து கல்லருகே பிரேக் பிடித்து, எத்தனை எட்டில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். பின்னர் வெறும் டிரெய்லருடனும், அதன்பின் பாதிப் பாரத்துடனும் அதே வேகத்தில் அளக்க வேண்டும். எட்டுகளின் எண்ணிக்கை கூடுவதைக் கண்ணால் கண்ட டிரைவருக்கு வேறு அறிவுரை தேவைப்படாது.

மழைக்காகக் காத்திருந்து, களையெடுத்து, காவல் காத்துக் கரைசேர்த்த வெள்ளாமை இது. புஞ்சைக்கும் களத்துக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் பதற்றம் வேண்டியதில்லை. அரை மணி தாமதமாக வந்தாலும் மூட்டை மூட்டையாகவே இருக்கும். ஓட்டிச் சென்றவரும் வீடு திரும்பியிருப்பார்.